சுனாமியில் தப்பிய அம்மாவுக்கு இப்போது மறதி: இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா?

அக்கரைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 67. ஊர் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை. 2004 டிசம்பர் 26 காலை அலை வந்தபோது அம்மா மீன் எடுக்கக் கரையில் நின்றிருந்தார். ஒரு படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிட்டார். வீட்டில் இருந்த தங்கச்சி போய்விட்டாள், அப்போது அவளுக்கு 11 வயது. அதற்குப் பிறகு நாலைந்து வருடம் அம்மா ஒரு ராத்திரிகூட ஒழுங்காகத் தூங்கியதில்லை. திடீரென்று எழுந்து "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்துவார், காற்று பலமாக அடித்தால் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிடுவார், கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். முகாமில் கவுன்சலிங் என்று வந்தவர்களிடம் இரண்டு மூன்று தடவை பேசினார். அவ்வளவுதான் வைத்தியம். இது இன்ன நோய் என்று யாரும் சீட்டில் எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்புறம் மெல்ல மெல்லச் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

இப்போது ஒரு வருடமாக மறதி. உலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். ஒரே கேள்வியை அரைமணி நேரத்துக்குள் நாலு முறை கேட்கிறார். போன மாதம் ரேஷன் கடைக்குப் போனவர் எங்கேயோ ஒரு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார், தெரிந்த பையன் ஒருவன் வண்டியில் ஏற்றி வந்து விட்டான்.

இந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "மன அழுத்தம் இருந்தவர்களுக்கு மறதி நோய் 57 சதவீதம் அதிகம், ஸ்வீடன் விஞ்ஞானிகள் எச்சரிக்கை." 57 சதவீதம் என்றால் நூறு பேரில் 57 பேருக்கு வருமா? அன்றைக்கே நல்ல டாக்டரிடம் காட்டியிருந்தால் இது வந்திருக்காதோ? அப்போது எனக்கு 19 வயது, வீட்டில் முடிவெடுக்க வேறு ஆள் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:

தம்பி, முதலில் அந்த 57-ஐப் பார்த்துவிடுவோம், உங்கள் பயத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. நூறு பேரில் 57 பேருக்கு வரும் என்பது அதன் பொருளே அல்ல.

நான் டாக்டர் இல்லை, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஆனால் அந்த ஆய்வைப் படித்திருக்கிறேன். 2020-இல் ஜாமா நியூராலஜி என்ற இதழில் வந்தது. ஸ்வீடனில் 1987-க்கும் 2008-க்கும் நடுவில், பேரதிர்ச்சியாலோ வாழ்க்கையில் வந்த பெரிய அடியாலோ ஏற்பட்ட மனநோய் என்று மருத்துவப் பதிவேட்டில் ஏறிய 61,748 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு ஒப்பிட, அப்படிப் பதிவாகாத கிட்டத்தட்ட 5,95,000 பேர். பிறகு யார் யாருக்கு நரம்பு சிதையும் நோய்கள் வருகின்றன என்று பார்த்தார்கள். மறதி நோயான டிமென்ஷியா மட்டுமல்ல, கைகால் நடுங்கும் பார்க்கின்சன் போன்றவையும் அதில் சேர்த்தி. பாதிக்கப்பட்டவர்களில் 1000 பேரை ஒரு வருடம் கவனித்தால் 1.5 பேருக்கு வந்தது, மற்றவர்களில் 0.82 பேருக்கு. அதாவது 1000 பேரைப் பத்து வருடம் பார்த்தால் ஒரு பக்கம் 15 பேர், மறுபக்கம் 8 பேர். படிப்பு, வருமானம், மற்ற நோய்கள் இதையெல்லாம் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகு அந்த வித்தியாசம் 1.57 மடங்கு என்று நின்றது. உங்கள் வாட்ஸ்அப் செய்தியின் 57 இதுதான். கண்காணிப்பு தொடங்கியபோது பெரும்பாலோர் நடுத்தர வயதினர், அதனால் எண்ணிக்கை இவ்வளவு குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயதானவர்களை மட்டும் எடுத்தால் இரண்டு பக்கமும் கூடும்.

வயதானவர்கள் என்றால் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் ஆய்வு இருக்கிறது, 2010-இல் வந்தது. 55 வயது தாண்டிய 1,81,093 பேர், ஏழு வருடம். பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநோய்) இருந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா வந்தது, இல்லாதவர்களில் 6.6 சதவீதம். நூறு பேருக்கு நாலு பேர் கூடுதல். சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்த ஏழு வருடத்தில் 89 பேருக்கு வரவில்லை என்பதும் அதே கணக்குதான்.

அந்தச் செய்தியில் "மன அழுத்தம்" என்று போட்டவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. நம் பத்திரிகைகளில் ஆபீஸ் டென்ஷனும் மன அழுத்தம், டிப்ரெஷனும் மன அழுத்தம், மாமியார் சண்டையும் மன அழுத்தம். ஸ்வீடன்காரர்கள் எண்ணியது அதை அல்ல. மருத்துவமனை வரை போய்ப் பதிவாகும் அளவுக்கு முற்றிய நோயைத்தான் எண்ணினார்கள். உங்கள் அம்மாவுக்கு இருந்ததும் அப்படிப்பட்டதாகவே தெரிகிறது, ஆனால் சீட்டில் ஏறவில்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே தூக்கி அவர் மேல் வைக்க முடியாது.

கடைசியாக, அன்றைக்குக் காட்டியிருந்தால் என்ற கேள்வி. பி.டி.எஸ்.டி.க்கு வைத்தியம் பார்த்தால் இருபது வருடம் கழித்து டிமென்ஷியா குறைகிறது என்று நிரூபித்த சோதனை எதுவும் கிடையாது. வைத்தியம் பார்த்திருந்தால் அம்மா நிம்மதியாகத் தூங்கியிருப்பார், அதற்காகவே பார்த்திருக்கலாம். ஆனால் இந்த மறதிக்கு 19 வயதுப் பையனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எந்தக் கணக்கிலும் இடமில்லை.

குறுக்குக் கேள்வி:

வாத்தியார் நன்றாகச் சொன்னார், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். தொடர்பு இருக்கிறது என்பதும் இதனால்தான் அது வந்தது என்பதும் வேறு வேறு. அதிர்ச்சியில் இருந்தவன் பீடி பிடிப்பான், குடிப்பான், தூங்கமாட்டான், பிரஷர் ஏறும், வெளியே போகமாட்டான். இது ஒவ்வொன்றும் தனித்தனியாகவே மூளைக்குக் கேடு. இதில் எதன் மேல் பழி போடுவீர்கள்?

இன்னொன்று. அதிர்ச்சியால் ஹிப்போகேம்பஸ் (நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதி) சுருங்கிவிடுகிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். 2002-இல் ஒரு இரட்டையர் ஆய்வு வந்தது. வியட்நாம் போருக்குப் போய் பி.டி.எஸ்.டி. வந்தவர்களுக்கு அந்தப் பகுதி சிறியதாக இருந்தது, சரி. போருக்கே போகாமல் வீட்டில் இருந்த அவர்களுடைய ஒரே கரு இரட்டைச் சகோதரர்களுக்கும் சிறியதாகவே இருந்தது! அப்படியென்றால் அது பிறக்கும்போதே அப்படி இருந்து, அதனால் அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் போயிருக்கலாம் இல்லையா?

நம் நாட்டில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டிருக்கிறது. அத்தனை பேரும் சுனாமியையா பார்த்தார்கள்? எல்லாவற்றையும் அந்த ஒரு நாள் மேலேயே போடாதீர்கள். அலையில் அம்மாவுக்குத் தலையில் அடிபட்டதா என்று யாராவது கேட்டீர்களா? முதலில் கேட்கவேண்டிய கேள்வி அது.

கணக்கு வாத்தியார்:

இரட்டையர் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்வீடன் ஆய்வில் இதற்காகவே பாதிக்கப்பட்டவர்களில் 44,839 பேரை அவர்களின் உடன்பிறந்தவர்களோடும் ஒப்பிட்டார்கள். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, அப்படியும் வித்தியாசம் தெரிந்தது. நோய் பதிவாகி முதல் ஐந்து வருடத்தையும் எண்ணாமல் விட்டார்கள், ஏனென்றால் டிமென்ஷியா தொடங்கும்போதே ஆள் பதறுவார், அதை அதிர்ச்சி நோய் என்று எழுதியிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஆனால் உங்கள் பக்கம் வலுச்சேர்க்கும் ஒன்றும் அதே ஆய்வில் இருக்கிறது. ரத்தக்குழாய் கோளாறோடு வரும் நோய்களில்தான் ஏற்றம் அதிகம், 1.80 மடங்கு. மற்றவற்றில் 1.31. ஆகவே நடுவில் நின்று வேலை செய்வது பிரஷரும் சர்க்கரையும் பீடியும்தான் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

வார்டு அக்கா:

இரண்டு பேரும் ஆராய்ச்சியைப் பேசி முடித்துவிட்டீர்கள் என்றால் அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பற்றி நான் பேசலாமா? 31 வருடம் நர்ஸாக இருந்தவள்.

தம்பி, அம்மாவுக்கு டிமென்ஷியா என்று எந்த டாக்டரும் இன்னும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நீங்களேதான் சொல்லிக்கொள்கிறீர்கள். 67 வயதில் மறதி வந்தால் திருப்பக்கூடிய காரணம் எதுவும் இருக்கிறதா என்று முதலில் தேடவேண்டும். தைராய்டு, பி12, சர்க்கரை, உப்புச்சத்து, சிறுநீரில் கிருமி, இதெல்லாம் சாதாரண ரத்த, சிறுநீர்ப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், மீன் சாப்பிடுகிறவர்களானாலும் குறையலாம், "நாங்கள் அசைவம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். சமீபத்தில் கீழே விழுந்தாரா? வயதானவர்களுக்குத் தலையை லேசாக இடித்துக்கொண்டாலே உள்ளே மெல்ல ரத்தம் கட்டி, வாரக்கணக்கில் கழித்துத் தடுமாற்றம் வரலாம், ஸ்கேனில் பார்க்கலாம். காது கேட்கிறதா? காதில் விழாததை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரைகளை ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள், மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கியதையும் சேர்த்து. தூக்கத்துக்கு என்று தரும் அல்ப்ரஸோலம் வகை மாத்திரைகள் ஞாபகத்தைக் குழப்பும். சளிக்கும் அரிப்புக்கும் தூக்கம் வரவைக்கும் பழைய மாத்திரைகள் இருக்கிறதே, அதுவும்தான். இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் தூக்க மாத்திரையை நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், பல வருடம் போட்டவருக்கு அப்படி நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும்.

இன்னொன்று மனச்சோர்வு. வாத்தியார் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் மன அழுத்தம் என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் இது தப்பிவிடுகிறது. வயதானவர்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, மறதியாகவும் மந்தமாகவும் வரும். என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்: மனச்சோர்வில் இருப்பவர் "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை, தெரியலை, விடு" என்பார். டிமென்ஷியாக்காரர் தெரியாததை மறைத்துச் சமாளிப்பார், "அதான் நேத்து சொன்னேனே" என்பார்.

மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், நரம்பியலும் இருக்கலாம், எங்கே தொடங்கினாலும் பரவாயில்லை. இன்றைக்கே யாரிடமாவது பேசவேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், 19 வயதில் தங்கச்சியை இழந்த பிள்ளை நீங்கள்.

அம்மா எத்தனையாவது வரை படித்தார்? படிக்காதவரிடம் "நூறில் ஏழு கழி, அதில் ஏழு கழி" என்று கேட்டு மார்க் குறைத்து டிமென்ஷியா என்று எழுதிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கென்று மாற்றிய கேள்வித்தாள் நம் நாட்டிலேயே 1990-களில் ஹரியானா கிராமங்களுக்காகச் செய்யப்பட்டது. அப்படிப்பட்டது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

வன்னி மகள்:

நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாவுக்கு 2019-இல் டிமென்ஷியா என்று உறுதியாகச் சொன்னார்கள். அவர் இலங்கைப் போர் முடிந்த 2009 வரைக்கும் வன்னியில் இருந்தவர், அங்கே என்ன நடந்தது என்று இங்கே வந்து ஒரு நாளும் கதைத்ததில்லை. நாங்களும் கிளறவில்லை. நல்ல நித்திரை, வேலை, கோயில் என்று வடிவாகத்தான் இருந்தார்.

இந்த வருத்தம் (நோய்) வந்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. ஜூலை முதலாம் திகதி கனடா நாள் வாணவேடிக்கைச் சத்தம் கேட்டவுடன் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டார், "கிபிர் (குண்டு போடும் விமானம்) வருது, பங்கருக்குள்ள இறங்கு" என்று பேரப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்கிறார். பிள்ளைக்குத் தமிழே அரைகுறை, அவன் என்ன கண்டான். இத்தனை வருடம் மூடி வைத்திருந்த மூடி கழன்றுவிட்ட மாதிரி. போரில் இருந்து வந்த மற்ற நாட்டு வயதானவர்களிடமும் இதைக் கண்டிருக்கிறோம் என்று இங்கே டொக்டர் சொன்னவர். வந்து சேர்ந்த பிறகு படித்த ஆங்கிலம்தான் முதலில் போனது, இப்போது தமிழ் மட்டும்தான்.

ஆனபடியால் அக்கரைக்காரன் அண்ணா, எது எதனால் வந்தது என்று தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் இதையும் யோசித்து வையுங்கள்: அம்மாவுக்கு உண்மையிலேயே அந்த வருத்தம்தான் என்றால் அந்த டிசம்பர் காலை திரும்பி வரக்கூடும். "அதெல்லாம் முடிந்துபோச்சு அம்மா, 20 வருஷமாச்சு" என்று திருத்தப் போகாதேங்கோ. நாங்கள் அப்பாவுக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனோம். இப்போது நானும் கூடவே கட்டிலுக்குக் கீழே இறங்கி இருந்துவிட்டு, "போய்ட்டுது அப்பா, வாங்கோ தேத்தண்ணி குடிப்பம்" என்கிறேன். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறார். டொக்டரிடம் போகும்போது பழைய கதையையும் மறைக்காமல் சொல்லுங்கோ. நாங்கள் சொல்லாமல் விட்டதால் ஆரம்பத்தில் அவருக்குத் தந்த குளிசைகள் பயத்துக்கு ஒன்றும் செய்யவில்லை.

அக்கரைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வன்னி மகள், உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை.

கேட்டவற்றுக்குப் பதில். தலையில் அடிபடவில்லை, கையிலும் விலாவிலும்தான். அம்மா ரெண்டாம் வகுப்பு. சர்க்கரைக்கு எட்டு வருடமாக மெட்ஃபார்மின், பிரஷருக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள், ஆனால் ஒழுங்காகப் போடுகிறாரா என்று இன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன், பாதி அப்படியே கிடக்கிறது. தூக்க மாத்திரை பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார், எனக்கே தெரியாது. சளி மாத்திரையும் இருந்தது. அக்கா, நேரில் பார்த்த மாதிரி சொல்லிவிட்டீர்கள்.

ஒன்று மட்டும் மனதில் இடிக்கிறது. தங்கச்சியைப் பற்றி அம்மா இப்போது பேசுவதே குறைவு. அவர் பேசுவதெல்லாம் பழைய தெருவைப் பற்றி. எங்களுக்கு உள்ளே தள்ளிச் சுனாமி குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள், நல்ல கான்கிரீட் வீடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து வீடெல்லாம் வேறு ஆட்கள். முன்னே வாசலில் உட்கார்ந்தால் பத்துப் பேர் வருவார்கள். இங்கே வந்த பிறகு அம்மா டிவி முன்னால்தான். அதுவும் ஒரு காரணமாக இருக்குமா, இல்லை நான்தான் எதையாவது பிடித்துத் தொங்குகிறேனா?

கணக்கு வாத்தியார்:

தொங்கவில்லை தம்பி. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் இதை அப்படியே சுனாமியில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜப்பானில்.

இவானுமா என்று கடலோர ஊர். 2010 ஆகஸ்டில் அங்கே 65 வயது தாண்டியவர்களிடம் வேறு ஏதோ ஆய்வுக்காக விவரம் எடுத்து வைத்திருந்தார்கள். ஏழு மாதம் கழித்து, 2011 மார்ச்சில், சுனாமி. ஆக, அலைக்கு முன்னால் அவர்களுடைய ஞாபகம் எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இருந்தது, அபூர்வமாக வாய்க்கும் விஷயம் இது. இரண்டரை வருடம் கழித்து அதே ஆட்களை, 3,594 பேரை, மறுபடி பார்த்தார்கள். டிமென்ஷியா அறிகுறி 4.1 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதமாக ஏறியிருந்தது. வயது கூடியதும் அதில் சேர்த்திதான். ஆனால் யாருக்கு அதிகம் சரிந்தது என்று பார்த்தபோது, உறவினரையோ நண்பரையோ இழந்தவர்களிடம் அந்த இழப்புக்கும் ஞாபகச் சரிவுக்கும் தொடர்பு தென்படவில்லை. வீட்டை இழந்தவர்களுக்குத்தான் சரிவு. வீடு முழுக்கப் போனவர்களுக்கு அது பக்கவாதம் வந்தவருக்கு ஏற்படும் சரிவுக்குச் சமமாக இருந்தது. அக்கம்பக்கத்தாரோடு பழக்கம் குறைந்ததும் அந்தச் சரிவுக்கு ஒரு பகுதி காரணம் என்று கணித்தார்கள்.

இதே ஊரில் இன்னொன்றும் பார்த்தார்கள். சிலரைக் குலுக்கல் முறையில் தனித்தனியாக வேறு வேறு இடத்தில் குடிவைத்தார்கள், சிலரைப் பழைய அக்கம்பக்கத்தாரோடு கூட்டமாக மாற்றினார்கள். கூட்டமாகப் போனவர்களுக்குப் பழக்கவழக்கம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. தனியாகப் போனவர்களுக்குக் குறைந்தது. உங்கள் அம்மாவுக்கு நடந்தது இதில் எது என்று உங்களுக்கே தெரியும்.

குறுக்குக் கேள்வி:

இதற்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். முன்னும் பின்னும் அளந்திருக்கிறார்கள், இப்படித்தான் செய்யவேண்டும். லான்செட் மருத்துவ இதழ்க் குழுவின் 2024 அறிக்கையில் டிமென்ஷியாவுக்கு மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14 இருக்கின்றன, தனிமை, காது, பிரஷர், சர்க்கரை, மனச்சோர்வு எல்லாம் உண்டு, பி.டி.எஸ்.டி. தனியாக இல்லை. இருந்தாலும் பாருங்கள், அதிர்ச்சி ஒரு ஆளை அந்தப் பட்டியலில் எத்தனை கட்டத்துக்குள் தள்ளிவிடுகிறது. முன்பு நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் அண்ணா, மன்னிக்கவும்.

அக்கரைக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பி12 ரொம்பக் குறைவு, 140 என்று வந்தது. ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். தூக்க மாத்திரையைப் பாதிப் பாதியாகக் குறைக்கிறார் டாக்டர், அம்மா திட்டுகிறார். இடது காது சரியாகக் கேட்கவில்லை. ஸ்கேன் அடுத்த வாரம், அதைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்வேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுனாமிக் கதை முழுவதையும் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார், 20 வருடத்தில் முதல் தடவை ஒருவர் அதைச் சீட்டில் எழுதுகிறார்.

நேற்று பழைய தெருவில் இருந்த பெரியம்மாவை ஆட்டோ வைத்து அழைத்து வந்தேன். மறதி போய்விடவில்லை, பெரியம்மாவிடமும் "எப்ப வந்தே" என்று மூன்று முறை கேட்டார். ஆனால் இருவரும் வாசலிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள், 2003-இல் பெரியம்மா ஒரு கூடை வாளையை என்ன விலைக்குத் தன் தலையில் கட்டினார் என்று அம்மா ரூபாய் கணக்கோடு சொல்லிச் சண்டை போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவதாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறார், அந்தக் கணக்கைத் தீர்க்காமல் விடமாட்டாராம்.